குழாய்வழி நீர்

நகரங்களிலும் சிற்றூர்களிலும் வீடுதோறும் குழாய் வந்த பின்னர், நீரைப் பற்றிய மக்களின் முறையீடு புதியதொரு வடிவம் கொண்டுவிட்டது. முன்னாளில் கிணறு வற்றியது என்றனர். ஏரி வறண்டது என்றனர். இந்நாளிலோ, தொட்டி நிறைந்திருக்கின்றது, ஆயினும் குழாயில் நீர் வரவில்லை என்கின்றனர். ஒரே தெருவில், ஒரே பெருங்குழாயினின்றும் நீர் கொள்ளும் இரண்டு வீடுகளுள் ஒன்றிற் குடம் விரைந்து நிரம்புகின்றது. மற்றொன்றிலோ நூல்போல் இழியும் நீருக்காகப் பெண்டிர் விடியுமுன் எழுந்து காத்திருக்கின்றனர். ஒரே இல்லத்திற் கீழே ஒருவர் குழாயைத் திறந்த அளவில், மாடியில் நீராடுவாருக்கு நீர் அறுந்துபோகின்றது.

இவற்றிற்கெல்லாம் பலரும் கூறும் காரணம், அமுக்கம் போதாது என்பதே. உடனே தொட்டியை உயர்த்துகின்றனர். அல்லது மின்விசையால் இயங்கும் பம்பு ஒன்றை விலைகொடுத்து வாங்குகின்றனர். பொருள் செலவாகியும் குறை தீராதபோது கொத்தனையும் குழாய்வேலை செய்தவனையும் நோகின்றனர். உண்மையில் இக்குறை பெரும்பாலும் தொட்டியின் உயரத்தில் இல்லை. தொட்டிக்கும் குழாயின் வாய்க்கும் இடையே சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்து கிடக்கும் குழாயின் அகலத்திலும் அமைப்பிலுமே அஃது உள்ளது. இவ்வுண்மையை எளிய கணக்குகளோடு விளக்கிக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நின்ற நீரின் அமுக்கம்

முதற்கண் அமுக்கம் என்பது யாது என அறிதல் வேண்டும். நீர் தன் எடையினால் தனக்குக் கீழுள்ள பரப்பை அமுக்குகின்றது. ஒரு சதுர அங்குலப் பரப்பின்மேல் ஏறத்தாழ 2.3 அடி உயரத்திற்கு நீர் நிற்குமாயின், அஃது அப்பரப்பை ஒரு பவுண்டு எடையளவு அமுக்கும். 23 அடி உயரம் நின்றால் 10 பவுண்டு அளவு அமுக்கும். ஆகவே அமுக்கத்தைப் பவுண்டாற் கூறினும், நீர் நிற்கும் உயரத்தை அடியாற் கூறினும் பொருள் ஒன்றே. இக்கட்டுரையில் எளிமை கருதி அடிக்கணக்கையே கையாளுவோம்.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். நீர் அசையாது நிற்குமளவும், அதன் அமுக்கத்தை வரையறுப்பது உயரம் ஒன்றே. தொட்டி பெரிதாயினும் சிறிதாயினும், குழாய் பருத்ததாயினும் மெலிந்ததாயினும், நேராகச் சென்றாலும் பத்து இடங்களில் வளைந்து சென்றாலும், அமுக்கம் மாறுவதில்லை. பிளாண்டர்ஸ் நாட்டிற் பிறந்த சைமன் ஸ்டெவின் என்னும் அறிஞர் 1586-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவுற நிறுவினார். அகன்ற பாத்திரத்தின் அடியிலும் குறுகிய பாத்திரத்தின் அடியிலும், நீரின் உயரம் ஒன்றாயின், ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மேலும் உள்ள அமுக்கமும் ஒன்றே என்பது அவர் கண்ட முடிபு.

இவ்வுண்மையே பலரை ஏமாற்றுகின்றது. குழாயை மூடிவைத்துவிட்டு அமுக்கமானியைப் பொருத்திப் பார்ப்பவர், அது காட்டும் அளவைக் கண்டு, "அமுக்கம் நிறைவாக உள்ளதே, நீர் ஏன் வரவில்லை?" என வியக்கின்றனர். மூடிய குழாயில் நீர் நிற்கின்றது. நிற்கும் நீர் குழாயின் குறுகலை அறியாது. திருகைத் திறந்து நீர் ஓடத் தொடங்கிய பின்னரே, குழாயின் குணமும் குற்றமும் வெளிப்படும்.

ஓடும் நீர் செலுத்தும் சுங்கம்

கையிற் பொருளோடு புறப்பட்ட வணிகன் ஒருவன், வழிநெடுகச் சுங்கச்சாவடிகள் உள்ள பாதையில் செல்கின்றான் எனக் கொள்வோம். புறப்படும்போது அவனிடம் இருந்த பொருள் எவ்வளவு என்பது மட்டும் போதாது; சென்று சேரும்போது எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதே அவனுக்குப் பயன்படும். குழாயில் ஓடும் நீரின் நிலையும் இத்தகையதே. தொட்டியின் உயரம் அதன் கைப்பொருள். குழாயின் ஒவ்வோர் அடியும் ஒரு சாவடி. குழாயின் வாயில் எஞ்சியிருக்கும் உயரமே நீரை வெளியே தள்ளும் விசையாகின்றது.

இச்சுங்கத்திற்குக் காரணம் உராய்வு. குழாயின் சுவரை ஒட்டிய நீர் சுவரோடு பற்றி நிற்கின்றது. நடுவிலுள்ள நீர் விரைந்து செல்கின்றது. இவற்றிற்கு இடைப்பட்ட நீரோ ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் சுழன்று செல்கின்றது. 1883-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஆசிரியராக விளங்கிய ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்பார், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள்ளே சாயநீரை மெல்லிய இழையாகச் செலுத்திப் பார்த்தார். நீர் மெல்லச் சென்றபோது அவ்விழை கலையாது நேரே சென்றது. வேகம் ஓர் எல்லையைக் கடந்த அளவில் அது சிதறிச் சுழன்று நீர் முழுவதும் பரந்தது. நம் வீட்டுக் குழாய்களில் நீர் ஓடுவது பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையிலேயே ஆகும். இவ்வாறு சுழன்று ஓடும் நீரில், வேகம் இருமடங்கானால் உராய்வால் இழக்கும் உயரம் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. குழாயின் நீளம் இருமடங்கானாலோ, இழப்பும் இருமடங்கே ஆகும். வேகத்திற்கும் நீளத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்வருவன எளிதில் விளங்கும்.

விட்டத்தின் வல்லமை

குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் யாது நிகழும்? ஒரே அளவு நீர் செல்வதாகக் கொள்வோம். விட்டம் இருமடங்கானால், வட்டமாகிய உட்பரப்பு நான்கு மடங்காகும். ஆதலின் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். வேகம் நான்கில் ஒன்றாகவே, அதனால் வரும் இழப்பு பதினாறில் ஒன்றாகும். அன்றியும், அகன்ற குழாயிற் சுவரை ஒட்டாது செல்லும் நீரே மிகுதி. சுவரின் பரப்பிற்கும் அதனுள் அடங்கும் நீரிற்கும் உள்ள விகிதம் பாதியாகின்றது. இதனால் இழப்பு மேலும் பாதியாகி, முப்பத்திரண்டில் ஒன்றாக வந்து நிற்கும். உட்புறம் வழவழப்பான குழாயில் இஃது ஏறத்தாழ இருபத்தேழில் ஒன்றாக இருக்கும். எவ்வாறாயினும், விட்டம் இருமடங்கானால் இழப்பு பாதியாகும் என்று எண்ணியிருப்பவர்க்கு இது பெருவியப்பே.

இதனை எண்களாற் காண்போம். நிமிடத்திற்கு 12 லிட்டர் நீர், அஃதாவது ஒரு வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்பும் அளவு, வழவழப்பான உட்புறமுடைய குழாயிற் செல்வதாகக் கொள்வோம். குழாயின் உள்விட்டம் அரை அங்குலமாயின், ஒவ்வொரு 4 அடி நீளத்திற்கும் நீர் ஏறத்தாழ ஓர் அடி உயரத்தை இழக்கும். உள்விட்டம் முக்கால் அங்குலமாயின், ஏறத்தாழ 28 அடி நீளத்திற்கு ஓர் அடி இழக்கும். ஓர் அங்குலமாயின், 100 அடிக்கு மேற்பட்ட நீளத்திற்கே ஓர் அடி இழக்கும். அரை அங்குலத்திற்கும் முக்கால் அங்குலத்திற்கும் இடையே கண்ணுக்குத் தோன்றும் வேறுபாடு விரலின் நகத்தளவே. இழப்பிலோ ஏழு மடங்கு வேறுபாடு நிகழ்கின்றது!

இதனையே மறுபுறமாகவும் கூறலாம். ஒரே உயரத் தொட்டியிலிருந்து ஒரே நீளமுள்ள இரண்டு குழாய்கள் வருகின்றன. ஒன்று அரை அங்குலம், மற்றொன்று ஓர் அங்குலம். பரப்பை மட்டும் நோக்குவோர், பெரியது நான்கு மடங்கு நீர் தரும் என்பர். உண்மையில் அஃது ஏறத்தாழ ஆறு மடங்கு தரும். ஆகவே ஓர் அங்குலக் குழாய் ஒன்றினை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாக அரை அங்குலக் குழாய்கள் இரண்டினைப் பொருத்துவோர் மூன்றில் ஒரு பங்கு நீரையே பெறுவர்.

கடையிற் குழாய் வாங்குவோர் மற்றொன்றையும் நோக்குதல் நன்று. அரை, முக்கால், ஒன்று எனக் கூறப்படுபவை பெயரளவுகளே. சுவர் தடித்த பிளாஸ்டிக் குழாயின் உள்விட்டம், பெயரளவிற் குறைந்திருத்தலும் உண்டு. நீர் செல்வது பெயரின் வழியாக அன்று, உள்விட்டத்தின் வழியாகவே.

தொட்டியை உயர்த்துவதா, குழாயை அகற்றுவதா?

இனி, முன்னர்க் கூறிய வீட்டுக்காரரின் வினாவிற்கு விடை காண்போம். தொட்டியின் நீர்மட்டம் குழாயின் வாய்க்கு மேலே 20 அடி உயரத்தில் உள்ளது. இடையே 80 அடி நீளமுள்ள அரை அங்குலக் குழாய் செல்கின்றது. வளைவுகளும் திருகும் கொள்ளும் இழப்பை இப்போதைக்கு விலக்கிவிடுவோம். 80 அடி நீளத்தில் 4 அடிக்கு ஓர் அடி வீதம் 20 அடியும் செலவாகின்றது. நிமிடத்திற்கு 12 லிட்டர் நீர் கிடைக்கின்றது.

இது போதாது எனக் கருதிய வீட்டுக்காரர், பெருஞ்செலவிற் தூண்கள் எழுப்பித் தொட்டியை மேலும் 10 அடி உயர்த்துகின்றார். குழாயும் 10 அடி நீள்கின்றது. உயரம் ஒன்றரை மடங்காயிற்று. நீர் எவ்வளவு மிகுந்தது? 12 லிட்டர் ஏறத்தாழ 14 லிட்டராகும், அவ்வளவே. அவர் தொட்டியைத் தொடாமல், 80 அடிக் குழாயில் 70 அடியை மட்டும் ஓர் அங்குலமாக மாற்றி, கடைசிப் பத்து அடியைப் பழைய அரை அங்குலமாகவே விட்டிருப்பாராயின், ஏறத்தாழ 30 லிட்டர் பெற்றிருப்பார். திருகும் வளைவும் சேர்ந்தால் இவ்வெண்கள் யாவும் சற்றுக் குறையும். ஆயினும் எது சிறந்தது என்னும் முடிபு மாறாது. பம்பு வாங்குவார்க்கும் இதுவே பொருந்தும். பம்பு என்பது கண்ணுக்குத் தோன்றாத உயரம் ஒன்றைச் சேர்ப்பது. அவ்வுயரத்தையும் குறுகிய குழாய் தின்றுவிடும்; அதற்குரிய மின்கட்டணத்தை வீட்டுக்காரர் மாதந்தோறும் செலுத்திக்கொண்டே இருப்பார்.

மேற்கண்ட கணக்கில் மற்றுமொரு நுட்பம் உள்ளது. குறுகலான பகுதி இருப்பதால் மட்டும் பெருந்தீங்கு விளைவதில்லை. அது நெடுந்தூரம் தொடர்வதே தீங்கு. ஆதலின் தொட்டியிலிருந்து வரும் தாய்க்குழாய் அகன்றதாகவும், அதிலிருந்து பிரியும் கிளைகள் குறுகியவாயினும் குட்டையானவாகவும் இருத்தல் வேண்டும். மூன்றடி நீளமுள்ள அரை அங்குலக் கிளை, மேற்கூறிய ஓட்டத்தில் ஓர் அடிக்கும் குறைவான உயரத்தையே கொள்ளும்.

விரலால் மறைத்த குழாய்

இங்கே ஓர் ஐயம் எழலாம். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவோர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மறைத்தால், நீர் முன்னினும் வேகமாக நெடுந்தூரம் பீறிடுகின்றதே. ஆகவே குறுகிய குழாய் அமுக்கத்தை மிகுவிக்கும் அன்றோ எனச் சிலர் வினவுவர். அன்று. விரலால் மறைத்த அளவில், குழாயில் ஓடும் நீரின் அளவு குறைகின்றது. ஓட்டம் குறையவே வழியிற் செலவாகும் உயரமும் குறைகின்றது. அங்ஙனம் மிஞ்சிய உயரம் முழுவதும் வாயிலே வந்து நின்று, சிறு துளை வழியாகச் சிறிதளவு நீரை வேகமாக வீசுகின்றது. வேகம் மிகுந்தது, நீரின் அளவோ குறைந்தது. வாளியை வைத்து அளந்தால் இது வெளிப்படும். வாயை மட்டும் குறுக்குவதும் குழாய் முழுவதையும் குறுக்குவதும் ஒன்றல்ல. முன்னது இறுதிவரை சேமித்த பொருளை ஒருமிக்கச் செலவிடுதல் போன்றது. பின்னது வழியிலேயே இழந்துவிடுதல் போன்றது.

அமைப்பின் பயன்

அகலத்திற்கு அடுத்து ஆராய வேண்டுவது அமைப்பு. நீர் ஒரு மூலையிற் சட்டெனத் திரும்பும்போது சுழன்று வலியை இழக்கின்றது. சாதாரண முழங்கை வளைவு ஒன்று, விட்டத்தைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமமான இழப்பைத் தரும். அரை அங்குலக் குழாயில் இஃது ஒன்றேகால் அடியாகும். எட்டு வளைவுகள் இருந்தால், 10 அடிக் குழாயைக் கூட்டியதற்கு ஒப்பாகும். அடைப்பான்களிலும் வேறுபாடு உண்டு. முழுதும் திறந்த கேட் வால்வு நீரை ஏறத்தாழத் தடையின்றி நேரே விடும். குளோப் வால்வோ நீரை மேலும் கீழுமாகத் திருப்பி விடுவதாகலின், முழுதும் திறந்திருக்கும்போதே விட்டத்தைப் போல் 300 மடங்கிற்கு மேற்பட்ட நீளத்திற்குச் சமமாகும். அரை அங்குல அளவில், இது பதினான்கு அடிக் குழாயை வழியிற் சேர்த்தது போலாம். தொட்டியின் அடியிற் பொருத்தும் ஓர் அடைப்பானைத் தவறாகத் தெரிந்தெடுத்தால், வீடு முழுவதும் அதன் பயனை அனுபவிக்க நேரிடும்.

இரண்டாவது, பங்கீடு. கீழே குழாயைத் திறந்தால் மாடியில் நீர் அறுவது ஏன்? இரண்டிற்கும் பொதுவான குழாய் குறுகியிருப்பதே காரணம். பொதுக்குழாய் 20 அடி நீளமுள்ள அரை அங்குலக் குழாய் என்க. ஒருவர் நிமிடத்திற்கு 12 லிட்டர் கொள்ளும்போது அதில் 5 அடி உயரம் செலவாகும். இருவரும் அவ்வாறே கொள்ள முயன்றால், இழப்பு மூன்று மடங்கிற்கு மேல் மிகுந்து ஏறத்தாழ 17 அடியாக வேண்டும். மாடிக் குழாய்க்கு மேலே நீர்மட்டம் 10 அடியே உள்ளதாயின், அத்துணை உயரம் அங்கே இல்லை. கீழ்க் குழாய்க்கோ மாடியினும் பத்தடி மிகுதியான உயரம் உண்டு. ஆகவே அது தன் பங்கை எடுத்துக்கொள்ள, மாடி வறள்கின்றது. பொதுப்பகுதியை அகலமாக்குதல், அல்லது மாடிக்குத் தொட்டியிலிருந்தே தனிக்குழாய் விடுதல், இவ்விரண்டுமே இதற்கு மருந்து.

மூன்றாவது, காற்று. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் வழியில் ஓரிடத்தில் மேடேறி இறங்குமாயின், அம்மேட்டின் உச்சியிற் காற்று தங்கி நீரின் வழியை அடைக்கும். உயரம் குறைந்த மாடித்தொட்டிகளில் இவ்வடைப்பு நீரை முற்றும் நிறுத்திவிடுதலும் உண்டு. குழாய் ஒரே சரிவாகச் செல்லுதல் வேண்டும். இயலாதவிடத்து உச்சியிற் காற்றுப்போக்கி ஒன்று அமைத்தல் வேண்டும்.

நான்காவது, வளையம். மரத்தின் கிளைபோலப் பிரிந்து சென்று முடியும் குழாய்களின் நுனியிலுள்ளோர் எப்போதும் துன்புறுவர். குழாயின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கினால், நீர் இருபுறமிருந்தும் வந்து சேரும். ஒவ்வொரு புறத்திலும் பாதி நீரே செல்வதால், இழப்பு நான்கில் ஒரு பங்கை அணுகும். ஓரிடத்திற் பழுது பார்க்க நேர்ந்தாலும், மறுபுறத்து வழியாக நீர் வந்துகொண்டிருக்கும்.

டிழோன் நகரத்து டார்சி

மேற்கூறிய கணக்குகள் ஒரே நாளில் விளைந்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொறியாளர்கள் கையாண்ட சூத்திரங்கள், குழாயின் உட்சுவர் வழவழப்பாயினும் கரடாயினும் நீரின் ஓட்டத்திற்கு வேறுபாடு இல்லை என்னும் கொள்கையின்மேல் எழுந்தவை. இக்கொள்கையை மாற்றியவருள் முதன்மையானவர் ஹென்றி டார்சி. இவர் 1803-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு டிழோன் நகரிற் பிறந்தார். அந்நகரத்து மக்கள் நல்ல நீரின்றி வருந்துவதைக் கண்டு, ரோசுவார் என்னும் ஊற்றிலிருந்து 12 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிற்கு மூடிய கால்வாய் அமைத்தார். 1840-ஆம் ஆண்டில் அந்நீர் தன் எடையினாலேயே நகரை வந்தடைந்தது. தெருக்களின் அடியிற் குழாய்களைப் பதித்து, ஏறத்தாழ நூறு மீட்டருக்கு ஒன்றாகப் பொதுக் குழாய்களை நிறுவி, செல்வரும் வறியரும் ஒப்ப நீர் பெறச் செய்தார். இப்பணிக்காகத் தமக்கு உரிய ஊதியத்தை அவர் பெற்றுக்கொள்ளவில்லை.

பின்னர்ப் பாரிஸ் நகரில் பல பொருள்களாலும் பல விட்டங்களாலும் ஆகிய குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து, தாம் கண்டவற்றை 1857-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உட்சுவரின் தன்மை பெரிதும் பொருட்டு என்பதும், பழுப்பும் படிவும் ஏறிய பழைய வார்ப்பிரும்புக் குழாய் புதியதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு தடை செய்யும் என்பதும் அவர் நிறுவியவை. இன்றைக்கும் பொறியியல் மாணவர் குழாயின் இழப்பைக் கணக்கிடும் சூத்திரம், அவர் பெயரையும் ஜெர்மானியராகிய வைஸ்பாக்கின் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கின்றது.

டார்சி கண்ட உண்மை நம் பழைய வீடுகளில் நாள்தோறும் விளங்குகின்றது. அரை அங்குல இரும்புக் குழாயின் உட்புறம் முழுவதும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தடிப்பிற்குத் துரு ஏறியதாகக் கொள்வோம். விட்டம் அரை அங்குலத்திலிருந்து எட்டில் மூன்று அங்குலமாகக் குறைகின்றது. விட்டத்தில் நான்கில் ஒரு பங்கே குறைந்தது. கிடைக்கும் நீரோ பாதிக்கும் கீழாகின்றது. துருவின் கரடும் சேர்ந்தால் இன்னும் குறையும். அப்பா கட்டிய வீட்டில் அந்நாளில் நன்றாக வந்த நீர் இந்நாளில் ஏன் வரவில்லை என்பார்க்கு இதுவே விடை.

ஊரும் கடைமடையும்

வீட்டின் நிலை இதுவாயின், ஊரின் நிலை இன்னும் நுட்பமானது. ஆற்றுப்பாசனம் அறிந்த நம்மவர்க்குக் கடைமடை என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. தலைமடையில் உள்ளோர் மிகுதியாக எடுத்தால், கடைமடை வயல் வறளும். குழாய்த் தெருவிற்கும் இவ்விதி பொருந்தும். முன்னே உள்ள வீடுகள் கொள்ளும் நீர் யாவும், அவ்வீடுகள் வரையுள்ள குழாயின் இழப்பை மிகுவிக்கின்றது. அவ்விழப்பின் சுமையைத் தாங்குவோர் கடைசியில் உள்ளோரே.

இது பழைமையான வழக்கு. உரோம நகரத்து நீர்வழங்கலுக்கு கி.பி. 97-ஆம் ஆண்டில் தலைமை ஏற்ற பிரான்டினஸ் என்பார் எழுதிய நூலில் இதற்குச் சான்று உண்டு. அங்கே ஒவ்வொருவர்க்கும் உரிய நீர், அளவிட்ட வெண்கலக் குழல்முனையின் வழியாக வழங்கப்பட்டது. சிலரோ அம்முனையை அடுத்து உடனே அகன்ற குழாயைப் பொருத்தி, உரிமைக்கு மிஞ்சிய நீரைக் கொண்டனர். குறுகல் குட்டையாயின் இழப்பும் சிறிது என்று மேலே கண்டோம். அவ்வுண்மையைக் கணக்கறியாமலே அவர்கள் பயன்படுத்தினர். ஆதலின் பகிர்வுத் தொட்டியிலிருந்து 50 அடிக்குள் அளவிற்கு மிஞ்சிய குழாயைப் பொருத்தலாகாது என்று செனட்டுச் சபை விதித்தது.

இக்காலத்து மிகையோ வேறு வகையது. தெருக்குழாயிலேயே மின்மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுவோர் உளர். அதனால் அண்டை வீட்டாரின் பங்கு குறைவதோடு தீங்கு நிற்பதில்லை. உறிஞ்சும் விசையாற் குழாயினுள் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தினும் தாழுமாயின், குழாயின் வெடிப்பு வழியாக வெளியே கசிய வேண்டிய நீர்க்கு மாறாக, மண்ணில் தேங்கிய சாக்கடை நீர் உள்ளே புகும். ஒரு வீட்டார் செய்த மிகை, தெருவார் அனைவருடைய குழந்தைகளின் வயிற்றிலும் நோயாக முடியக்கூடும். அமுக்கம் நீரைத் தள்ளுவது மட்டுமன்று. அழுக்கு உட்புகாமற் காக்கும் வேலியும் அதுவே ஆகும்.

நம் சென்னை நகரம் கடலோரச் சமநிலத்தில் அமைந்தது. புழல் எனப்படும் செங்குன்றம் ஏரியின் நீர், 1872-ஆம் ஆண்டு முதல் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் தன் எடையினால் நகருக்குட் பாய்ந்தது. 1914-ஆம் ஆண்டில் அங்கே மணல் வடிகட்டிகளும் நீராவிப் பம்புகளும் நிறுவப்பெற்றன. மலையடிவாரத்து ஊர்களுக்கு இயற்கை கொடையாக அளிக்கும் உயரத்தைச் சமநிலத்து நகரங்கள் எரிபொருள் செலவிட்டே படைத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு படைத்த உயரத்தைக் குறுகிய குழாய்களிலும் துருவிலும் இழத்தல், ஊரார் பொருளை இழத்தலேயாம்.

அளவறிந்து அமைத்தல்

இவ்வளவும் கேட்டு, எல்லாக் குழாய்களையும் இயன்ற அளவு பெரிதாகப் பதித்துவிட்டால் என்ன எனில், அதுவும் முறையன்று. குழாயின் விலை விட்டத்தோடு ஏறும். அன்றியும், அளவிற்கு மிஞ்சி அகன்ற குழாயில் நீர் தேங்கிக் கெடும். வெந்நீர்க் குழாயாயின் சூடான நீர் வந்து சேருமுன் குளிர்ந்த நீர் நெடுநேரம் வீணாகும். மிகக் குறுகிய குழாயிலோ நீர் கடுவேகத்தில் ஓடி, திருகைச் சட்டென மூடும்போது சம்மட்டி அடித்தாற்போற் குழாயை மோதும். நொடிக்கு 2 அடி முதல் 6 அடி வரை நீர் செல்லுமாறு விட்டத்தைத் தெரிந்தெடுத்தல் நடுநிலையான வழியாகும்.

தம் இல்லத்துக் குறை எங்குள்ளது என அறிய விரும்புவோர்க்கு ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும். மற்றெல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, ஒரு குழாயில் வாளி நிரம்பும் நேரத்தை அளந்து குறித்துக்கொள்க. பின்னர் வேறொரு குழாயைத் திறந்துவிட்டு மீண்டும் அளக்க. முதல் அளவிலேயே நீர் மெல்ல வந்து, ஏனைய குழாய்களில் நன்கு வருமாயின், குறை அக்குழாயின் கிளையிலோ திருகிலோ உள்ளது. தனித்திருக்கும்போது நன்கு வந்து, மற்றொன்றைத் திறந்ததும் தளருமாயின், குறை பொதுக்குழாயில் உள்ளது. எல்லாக் குழாய்களிலும் எப்போதும் மெல்லவே வருமாயின், தொட்டியின் அடைப்பானையும் அதிலிருந்து இறங்கும் முதற்குழாயையும் நோக்குக. தெருக்குழாயிலிருந்து நேரே நீர் கொள்ளும் வீடாயின், அண்டை வீடுகளிலும் அளந்து ஒப்பிடுக. அங்கும் அவ்வாறே இருப்பின், குறை தெருக்குழாயில் உள்ளது. அது தனியொருவர் மோட்டார் வைத்துத் தீர்க்கற்பாலது அன்று, தெருவார் ஒன்றுகூடி நகராட்சியைக் கேட்டுத் தீர்க்கற்பாலது.

உயரம் நீருக்கு வலிமை தருகின்றது. அகலம் அவ்வலிமையைக் காக்கின்றது. அமைப்பு அதனை அனைவர்க்கும் பங்கிடுகின்றது. வீடு கட்டுவோர் கண்ணிற்படும் கதவிற்கும் தரைக்கும் செலவிடும் கருத்திற் சிறிதளவேனும், சுவருக்குள் மறையப்போகும் குழாய்க்குச் செலவிடுவாராக. ஊரை ஆள்வோர் தொட்டி எத்துணை உயரம் என்று மட்டும் வினவாது, கடைசித் தெருவின் கடைசி வீட்டிற் குடம் எத்துணை நேரத்தில் நிரம்புகின்றது என்றும் வினவுவாராக. அவ்வீட்டுக் குடம் நிரம்பினால், நீர்வழங்கல் முறையாக அமைந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.